ஏரியில பறவை செத்துக் கிடந்தா உடனே பறவைக் காய்ச்சல்னு முடிவு பண்ணாதீங்க

ஏரிக்கரையில நாலு கொக்கு செத்துக் கிடந்தா போதும், போன் வந்துரும். "சார், பறவைக் காய்ச்சலா? வீட்ல கோழி எடுக்கலாமா?" பல பேருக்கு அதோட விஷயம் முடிஞ்சுது. காட்டுப் பறவைங்களுக்கு வர்ற நோய்ல வேலை பாக்குற எங்களுக்கு கேக்க வேண்டியது அதுக்கப்புறம்தான் நிறைய இருக்கு. எந்தப் பறவை, இன்னும் உயிரோட இருக்கிறது எப்படி நடக்குது, தண்ணி ஏறுதா வத்துதா, சமீபத்துல மீன் கீன் செத்து மிதந்துச்சா, பக்கத்துல யாராவது நெல்லு தூவி வச்சிருக்காங்களா.

2019 நவம்பர்ல ராஜஸ்தான் சாம்பர் ஏரியில நடந்தது ஞாபகம் இருக்கும். ஜெய்ப்பூர் பக்கத்துல இருக்கிற பெரிய உப்பு ஏரி, உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்களோட ராம்சார் பட்டியல்ல 1990லயே வந்த இடம். வலசை வந்த தட்டைவாயன், உப்புக்கொத்தி, பவளக்கால் உள்ளான்னு கரை பூரா செத்துக் கிடந்துச்சு, கணக்கு 18,000த்தைத் தாண்டிருச்சு. எல்லாரும் பறவைக் காய்ச்சல்னுதான் பயந்தாங்க, ஆனா போபால்ல இருக்கிற கால்நடை நோய் லேப்ல அது இல்லைன்னு வந்துச்சு, அப்புறம் பரேலியில இருக்கிற இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இது பாட்டுலிசம்னு உறுதி பண்ணுச்சு.

பாட்டுலிசம் ஒரு பறவைகிட்ட இருந்து இன்னொண்ணுக்கு இருமி தும்மிப் பரவுற நோய் கிடையாது, அது ஒரு விஷம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற பாக்டீரியாவோட வித்து ஏரிச் சேத்துல வருஷக்கணக்கா சும்மா கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. காத்து இல்லாத இடம், வெதுவெதுப்பு, அழுகுற புரதம் இது மூணும் ஒண்ணா கிடைச்சா முளைச்சு விஷத்தைக் கக்கும். சாம்பர்ல அந்த வருஷம் நல்ல மழை, ரொம்ப காலம் கழிச்சு தண்ணி பரவி நின்னுச்சு, தண்ணியில சின்னச் சின்ன உயிரெல்லாம் பெருகுச்சு, அப்புறம் தண்ணி வத்த வத்த உப்பு ஏறி அதெல்லாம் செத்து சேத்துல படிஞ்சுது. பறவை வர்றதுக்கு முன்னாடியே விருந்து தயார்.

இதுல மோசமான கட்டம் புழுதான். செத்த பறவை மேல ஈ முட்டை போடும், அதுல வர்ற புழு உடம்புல விஷம் சேரும், புழுவுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. அந்தப் புழு மூணு நாலைத் தின்னாலே ஒரு வாத்து சாகலாம், அது செத்தா அது மேல ஆயிரக்கணக்குல புழு, அதைத் தின்ன அடுத்த கூட்டம், இப்படியே ஓடும். அதனால இங்க மருந்தை விட முக்கியமான வைத்தியம் பிணத்தை அள்ளுறதுதான், அதுவும் சீக்கிரம். எரிக்கணும் இல்ல ஆழமா புதைக்கணும், கரையில குவிச்சு வச்சுட்டு ஆபீஸ் ஆர்டருக்குக் காத்திருந்தா அந்தக் குவியலே அடுத்த சாவுக்கு சாப்பாடு போடும். சாம்பர்ல பேரிடர் மீட்புப் படையே இறங்கி சேத்துல நடந்து அள்ளுனாங்க. 2024லயும் அதே ஏரியில திரும்ப வந்துச்சு, நூத்துக்கணக்குல சாவு, ஏன்னா வித்து எங்கயும் போகாது.

இது புதுசும் இல்ல. 1910ல அமெரிக்காவுல உட்டா உப்பு ஏரிப் பக்கம் லட்சக்கணக்குல வாத்து செத்துச்சு, தண்ணியில இருக்கிற காரம்தான் காரணம்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க, 1930 வாக்குலதான் பாட்டுலிசம்னு தெரிஞ்சுது.

களத்துல நாங்க முதல்ல பாக்குறது செத்ததை இல்ல, சாகாம கிடக்கிறதை. பாட்டுலிசம்னா பறவை முழிச்சிருக்கும், உங்களைப் பாக்கும், ஆனா றெக்கை தூக்காது, கால் இழுக்கும், கடைசியில கழுத்து தொங்கி தண்ணியிலயே மூழ்கிரும். எச்5என்1 வைரஸால வர்ற மாதிரி பறவைக் காய்ச்சல்னா கழுத்து முறுக்கும், நடுங்கும், வட்டமடிக்கும், இல்லன்னா அறிகுறியே இல்லாம பொத்துனு விழும். இரப்பையில நெல்லு நிறைய இருந்து ஒரே இடத்துல மொத்தமா செத்துக் கிடந்தா எனக்கு முதல் சந்தேகம் ஃபுராடான்ங்கிற பூச்சிமருந்துதான், வேட்டைக்காரங்க தானியத்துல கலந்து வைக்கிறது. ஆனா கண்ணால பாத்து சொல்றது சந்தேகம் வரைக்கும்தான், லேப் சொன்னாதான் முடிவு. பாட்டுலிசத்துக்கு நோய்ப்பட்ட பறவையோட ரத்தம் வேணும், அழுகுன உடம்புல விஷம் கிடைச்சாலும் அது செத்த பிறகு உண்டானதா இருக்கலாம்ல.

அதுக்காக பறவைக் காய்ச்சலை லேசா எடுத்துக்கச் சொல்லல. 2020 கடைசியில இமாச்சல் போங் அணையில ஆயிரக்கணக்குல செத்தது பெரும்பாலும் பட்டைத்தலை வாத்து, அங்க காரணம் எச்5என்1தான். அதே இனம் நம்ம கூந்தங்குளத்துக்கும் குளிர்காலத்துல வருது. அதனாலதான் எந்த சாவா இருந்தாலும் முதல்ல அந்த டெஸ்ட், அது வர்ற வரைக்கும் கிளவுஸ், மாஸ்க் இல்லாம கிட்ட போறதில்ல.

உங்க ஊர் ஏரியில பாத்தீங்கன்னா தூரத்துல இருந்து போட்டோ எடுங்க, முடிஞ்சா தடுமாறுற பறவையை வீடியோ எடுங்க, அது எங்களுக்கு நூறு போட்டோவுக்கு சமம். வனத்துறைக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்க, கால்நடை உதவி எண் 1962க்கும் அடிக்கலாம். நாயைக் கட்டிப் போடுங்க. பாவமா இருக்குன்னு நோய்ப்பட்ட பறவையை வீட்டுக் கோழிக் கூண்டுல கொண்டு வந்து விடாதீங்க, நிறைய பேர் நல்ல மனசுல இதைத்தான் செய்றாங்க.

சில ஊர்ல இன்னொண்ணும் நடக்குது, வாத்து சும்மா கிடைச்சுதுன்னு எடுத்துட்டுப் போய் குழம்பு வைக்கிறது. பாட்டுலிச விஷம் நல்லா கொதிச்சா செயலிழந்துரும், பறவையைக் கொல்ற அந்த வகை விஷம் மனுஷனைத் தாக்குறதும் அபூர்வம்தான். ஆனா உங்க கையில இருக்கிறது எதுனால செத்த வாத்துன்னு ரிப்போர்ட் வராம எனக்கே தெரியாது, ஃபுராடான் தின்ன வாத்தா இருந்தா எவ்வளவு கொதிக்க வச்சாலும் அதை நம்பி வாயில வைக்க முடியாது. உரிக்கும்போதே வைரஸ் கையில ஒட்டிக்கிற ஆபத்தும் இருக்கு, அது அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி நடக்கிற விஷயம்.