"பார்த்துப் போ" என்றால் போதாது

சென்ற தை மாதம், ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளிப் பக்கமிருந்து, பள்ளிக்குப் போகும் வழியில் வண்டி மோதிக் கால் எலும்பு முறிந்து வந்த இரண்டாம் வகுப்புச் சிறுமிக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "பார்த்துப் போன்னு சொல்லித்தான் அனுப்பினேன்" என்று தாய் அழுதார். சிறுமியோ, "வண்டியை நான் பார்த்தேன் டாக்டர், அதான் நிக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

எலும்பு முறிவு மருத்துவராக இதே பதிலை வெவ்வேறு சொற்களில் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். தான் பார்த்ததை எதிரில் வருபவரும் பார்த்திருப்பார் என்று நம்புவது அந்த வயதின் இயல்பு. வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்துக் கணிக்கும் திறன் ஏறத்தாழ 10 வயது வரை நம்பும்படி இருப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வேன் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் முடிந்துவிடுகிறது.

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் செல்லும் சாலை பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. மார்கழி, தை மாதங்களில் காலை ஏழரை மணி வாக்கில் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே வெயில் அடிக்கும். அவரும் இரவெல்லாம் யாத்திரிகர்களை ஏற்றி, கண் விழித்து வந்தவராக இருக்கலாம். சாலையோரச் சீமைக்கருவேலம் வேறு. அந்தச் சிறுமி அடிபட்ட இடத்துக்குப் போய், அவள் உயரத்துக்குக் குந்தி அமர்ந்து பார்த்தேன். புதருக்கு அப்பால் வந்த லாரி கண்ணில் படவே இல்லை. எழுந்து நின்றதும் தெரிந்தது.

படகுகள் கரை திரும்பும் காலையில் தாய்மார் பலர் மீன் ஏலத்தில் நிற்க, நான்காம் வகுப்பு அக்காள்தான் தம்பியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஒரே ஒரு நாள் பிள்ளையோடு நடந்து, அதன் உயரத்துக்குக் குனிந்து பார்த்து, சாலையைக் கடக்கும் இடத்தை நீங்களே முடிவு செய்துவிடுங்கள். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி வலது ஓரமாக நடக்கப் பழக்குங்கள். நிற்கும் பேருந்தின் முன்னாலோ பின்னாலோ புகுந்து கடக்காமல், அது நகர்ந்து போகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓரமெல்லாம் தண்ணீர் தேங்கிப் பிள்ளைகள் தாரிலேயே நடக்க நேரும். அந்த நாட்களிலாவது பெரியவர் ஒருவர் உடன் போவது நல்லது.

கட்டுப் பிரிக்க வந்த அன்று, புதரைத் தாண்டி வெட்டவெளியான இடத்தில்தான் இப்போது சாலையைக் கடப்பதாகத் தாய் சொன்னார். ஐந்து நிமிடம் கூடுதல் நடையாம். சிறுமிக்கு அதில் வருத்தம்.