வார மாத்திரையும் விடிகாலைக் காப்பியும்

எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. எழுதித் தந்தால், மூன்றாம் வாரமே “நெஞ்சு எரியுது, ஒத்துக்கலை” என்று அட்டையை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் உண்டு. (முழங்கால் வலியையும் இதையும் ஒன்றாகச் சேர்த்து ‘எலும்புத் தேய்மானம்’ என்பது ஊர் வழக்கம். எலும்புப்புரை என்பது எலும்பின் அடர்த்தி குறைந்து, லேசாக வழுக்கி விழுந்தாலே முறிகிற நிலை.) எரிச்சல் வந்ததும் மாத்திரையை மாற்றச் சொல்லும் முன், அதை எப்படி விழுங்கினீர்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். அதனால்தான் ஒரு மடக்குத் தண்ணீர் போதாது, 200 மி.லி. குடிக்க வேண்டும். காப்பி குடிக்கும் சின்ன டம்ளர் என்றால் இரண்டு. மென்று தின்னவும் கூடாது, வாயில் வைத்துச் சப்பவும் கூடாது. வெறும் வயிற்றில் போட்டாலே இதில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. கூடவே காப்பி குடித்தால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். ஏற்காட்டுக்காரர்களிடம் காப்பியைத் தள்ளிப்போடச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். ஆனாலும் அரை மணி நேரம் பொறுத்தாக வேண்டும். பால், கஞ்சி, கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. உப்புத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்பதால், இதற்கு மட்டுமாவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். குனியவும் கூடாது என்பதுதான் விட்டுப்போகிறது. மாத்திரை போட்ட கையோடு வாசல் பெருக்கி, குனிந்து கோலம் போட்டால் வயிற்றில் இருப்பது மேலே ஏறும். கோலத்தை முன்னாடியே போட்டுவிடுங்கள், அல்லது மருமகளிடம் விடுங்கள். நிற்கலாம், நடக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் நாளில் இந்த மாத்திரை வேண்டாம்: 20 கொண்டை ஊசி வளைவில் குமட்டி வாந்தி எடுத்தால் உணவுக்குழாய்தான் பாடுபடும். மறுநாள் காலை போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்பலாம். விட்டதற்கும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது.

இவ்வளவு செய்தும் விழுங்கும்போது வலித்தாலோ, எரிச்சல் கூடினாலோ, மலம் கறுத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் ஊசி வழி இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. அப்படி ஒன்று. முதல் முறை போட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஒன்றிரண்டு நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பாராசிட்டமால் போதும், பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கும், அடுத்த வருடம் குறையும். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால் ஊசி மேல் பழி போடாமல் டெங்குப் பரிசோதனை செய்யுங்கள். ஊசிக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கால்சியமும் பார்க்காமல் போடக் கூடாது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டால் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் இழுப்பு இருந்தால் கால்சியம் இறங்கியிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பொடி வாரத்துக்கு ஒன்று என்றுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதைத் தினமும் கலக்கிக் குடித்து, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கலோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் எலும்புப்புரை மருந்து தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்; தொடங்கிய பின் என்றால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாடை எலும்பு பாதிப்பது அபூர்வம், வந்தால் ஆறுவது சிரமம். சில வருடம் மருந்து எடுத்தவருக்கு அடிபடாமலே தொடையிலோ தொடை இடுக்கிலோ வலி வந்தால் மூட்டு வலி என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஐந்து வருட மாத்திரைக்குப் பின் இடைவெளி விடலாமா என்பதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் 60 மி.கி. ஊசிக்கு அப்படி இடைவெளி கிடையாது. திருவிழா, பேரன் காதுகுத்து என்று சில மாதம் தள்ளினால் அடக்கி வைத்திருந்த எலும்புக் கரைவு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கலாம். ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.