முதலில் பாதுகாப்பு ஆணை, அப்புறம்தான் கவுன்சலிங்

அடி வாங்கிய ஒரு பெண் வாய் திறந்து சொன்னால், நம்மவர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கம்மா, ஒரு கவுன்சலிங் போய்ப் பாருங்க." செந்தூலிலும் சரி, பட்டர்வொர்த்திலும் சரி, சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தம்பதியர், குடும்ப ஆலோசனையைப் படித்து, அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். வன்முறை இருக்கும் வீட்டில் முதலில் கவுன்சலிங் என்ற இந்த வரிசை தவறு. மலேசியச் சட்டமும் இப்படி ஒரு வரிசையைக் கேட்கவில்லை. பாதுகாப்பு ஆணை (அடிப்பவர் நெருங்காமல் தடுக்கும் சட்ட உத்தரவு) வாங்குவதற்கு முன் கணவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சமரசம் பேசியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

சட்டத்தின் பெயர் 1994 குடும்ப வன்முறைச் சட்டம், எண் 521. 1996 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2012இலும் 2017இலும் பெரிய திருத்தங்கள் வந்தன; 2017 திருத்தம் 2018 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. பினாங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில், "நமக்கு ஷரியா நீதிமன்றம்தானே" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. விவாகரத்தும் ஜீவனாம்சமும் அங்கே போகும். அடி உதை, மிரட்டல் என்றால் அவர்களுக்கும் இதே சட்டம்தான், இதே போலீஸ், இதே மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

கணவன், மனைவி, முன்னாள் கணவன், முன்னாள் மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், உடல் அல்லது மன இயலாமை உள்ள பெரியவர்கள், குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் ஆகியோர் இதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். மகனிடம் அடி வாங்கும் தாயும் வரலாம், மனைவியிடம் அடி வாங்கும் கணவனும் வரலாம்.

நம் சமூகத்தில் அடிக்கடி தடங்கலாகும் ஒரு விஷயம் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள், பிள்ளைகளும் இருக்கும். ஆனால் தேசியப் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதிந்திருக்க மாட்டார்கள். "பதிவே இல்லை, நான் எப்படி மனைவி என்று போய்ச் சொல்வது?" என்று அந்தப் பெண் தயங்குவாள். தயங்க வேண்டியதில்லை. மதத்தின்படியோ வழக்கத்தின்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் அவளை மனைவியாகவே எடுத்துக்கொள்கிறது. எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களும் காதலர்களும்தான் இதற்கு வெளியே நிற்கிறார்கள். சட்டத்தில் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. அவர்களுக்குத் தண்டனைச் சட்டத்தின் வழக்கமான பிரிவுகள் இருக்கின்றன. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கும் 507ஏ பிரிவும் 2023இல் சேர்ந்தது.

எது வன்முறை என்பதிலும் சட்டம் நாம் நினைப்பதைவிட அகலமானது. காயப்படுத்துவது மட்டும் இல்லை, காயம் வரும் என்ற பயத்தில் வைத்திருப்பதும் வன்முறை. விருப்பத்துக்கு மாறாகப் பூட்டி வைப்பது, மிரட்டி எதையாவது செய்ய வைப்பது (படுக்கையறை விஷயமும் இதில் அடக்கம்), பொருளை உடைப்பது எல்லாம் இதில் வரும். மனரீதியான கொடுமை 2012இல் சேர்ந்தது. நகையையோ பணத்தையோ நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்வதும், போன் வழியாக அசிங்கமாகப் பேசி மானத்தைக் கெடுப்பதும் 2017இல் சேர்ந்தன.

சரி, ஆணைகளுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன.

முதலாவது அவசரப் பாதுகாப்பு ஆணை, சுருக்கமாக இ.பி.ஓ. இதைக் கொடுப்பவர் நீதிபதி இல்லை, சமூகநல இலாகாவின் அதிகாரம் பெற்ற அதிகாரி. போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. நள்ளிரவானாலும் கேட்கலாம், விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். ஏழு நாள் செல்லும். உடலில் காயம் ஏற்பட்டிருந்தாலோ, ஏற்படும் என்ற பயம் இருந்தாலோ இதைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை இரவு அடி விழுந்தால் திங்கட்கிழமை நீதிமன்றம் திறக்கும்வரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 2017 திருத்தம் தந்த பதில் இது. இப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை, ஐ.பி.ஓ. இதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். சம்பவம் நடந்த வட்டாரத்தில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. விசாரணை அதிகாரி, அதாவது ஐ.ஓ., ஒரு பரிந்துரைக் கடிதம் தருவார். அதை எடுத்துக்கொண்டு சமூகநல இலாகாவுக்குப் போனால் அங்குள்ள அதிகாரி மனுவைத் தயாரிக்க உதவி, மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவார். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்த்தரப்பு வந்து நிற்காமலேயே ஆணை கிடைக்கலாம். போலீஸ் விசாரணை நடக்கும் காலம் முழுக்க இது செல்லும்.

கவுன்டரில் யாராவது "இது குடும்ப விவகாரம், வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, குடும்ப வன்முறை தொடர்பான குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் விசாரிக்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதும் அவர்கள் கடமை. ரிப்போர்ட் எண்ணையும் ஐ.ஓ.வின் பெயரையும் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

விசாரணை முடிந்ததும் போலீஸ் எழுத்தில் தெரிவிக்கும்: மேல்நடவடிக்கை இல்லை, அல்லது குற்றம் சாட்டப்போகிறோம். குற்றம் சாட்டப்போகிறோம் என்ற கடிதம் கைக்கு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மூன்றாவது ஆணையான பி.ஓ.வுக்கு, அதாவது முழுப் பாதுகாப்பு ஆணைக்கு, மனுப் போட வேண்டும். அதைக் குற்ற வழக்கு நடக்கும்போது நீதிமன்றம் தருகிறது. 12 மாதம் வரை செல்லும். தேவைப்பட்டால் இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம்.

ஆணையில் என்னென்ன கேட்கலாம் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். வீடு கணவன் பெயரிலேயே இருந்தாலும், அதில் நீங்களும் பிள்ளைகளும் மட்டும் குடியிருக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சொத்துரிமை அதனால் மாறாது, அவர் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். உங்கள் வேலையிடம், பிள்ளைகளின் பள்ளி போன்ற இடங்களுக்குள் நுழையவோ, உங்களுக்கு 50 மீட்டருக்குள் நெருங்கவோ கூடாது என்றும் போடலாம். ஆணையை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது வன்முறையும் செய்தால் 4,000 வெள்ளி, ஒரு வருடம் என்று அது ஏறும். மீறிய ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் செய்யுங்கள். ஆணையின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும், ஒன்று பள்ளியில், ஒன்று காண்டோ காவலரிடம்.

காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், குடும்ப வன்முறை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே ஓ.எஸ்.சி.சி. என்ற ஒரே இடச் சேவை இருக்கிறது. சிகிச்சை, மருத்துவப் பதிவு, போலீஸ், சமூகநலம் எல்லாம் ஒரே இடத்தில் ஏற்பாடாகும். "படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பொய்யே பிறகு மருத்துவப் பதிவில் நின்று வழக்கைப் பலவீனமாக்கும்.

இனி கவுன்சலிங். சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, சம்பந்தப்பட்டவர்களை ஆலோசனைக்கோ மறுவாழ்வுத் திட்டத்துக்கோ அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது நீதிமன்றம் பார்த்து முடிவு செய்வது. நீங்கள் முதலில் ஏறிக் கடக்க வேண்டிய படி அது இல்லை.

விவாகரத்தில் மட்டும் கதை வேறு, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் கேட்கும் விவாகரத்துக்கு முன் சமரசக் குழுவுக்குப் போகச் சொல்கிறது. பெரும்பாலும் அது தேசியப் பதிவிலாகாவின் திருமணத் தீர்ப்பாயம். அங்கே வக்கீல் உங்களுக்காகப் பேச முடியாது. சமரசத்துக்கு அனுப்புவது நடைமுறைக்கு ஒவ்வாத விதிவிலக்கான சூழ்நிலை என்று உயர் நீதிமன்றம் ஏற்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். கையில் பாதுகாப்பு ஆணை இருந்தால் அதை முதலிலேயே தீர்ப்பாயத்திடம் காட்டி, தனித்தனியாகச் சந்திக்கும்படி கேளுங்கள். விவாகரத்து வழி வேறு, பாதுகாப்பு வழி வேறு. ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்? தம்பதியர் ஆலோசனை என்பது இருவரும் பயமின்றிப் பேச முடியும் என்ற அடிப்படையில் நிற்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "போன வாரம் அவர் என் கழுத்தை நெரித்தார்" என்று அவளால் சொல்ல முடியுமா? சொன்னால் காரில் வீட்டுக்குப் போகும் வழியில் என்ன நடக்கும்? அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995இல் ஒரு முக்கியமான வேறுபாட்டை எழுதினார்: சண்டை முற்றிக் கை ஓங்குவது ஒரு வகை, ஒருவர் மற்றவரின் பணம், போன், நட்பு, மூச்சு எல்லாவற்றையும் தன் பிடியில் வைக்க வன்முறையைக் கருவியாக்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. வன்முறை நடந்த தம்பதியருக்கென்றே ஒரு சிகிச்சை முறையைக் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாண்ட்ரா ஸ்டித்தும் அவரது சகாக்களும் உருவாக்கினார்கள். அதிலும்கூட முதலில் இருவரையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். சேர்ந்து வாழ இருவருமே விரும்புகிறார்களா, வன்முறை கடுமையானதா என்று பார்த்துச் சலித்த பிறகுதான் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். இந்தத் துறையைப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை இந்தச் சலித்தெடுப்புதான்.

ஆலோசகரைத் தேடும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 1998 ஆலோசகர் சட்டம், எண் 580, ஆலோசகராகத் தொழில் செய்பவர் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, செல்லுபடியாகும் தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முதல் சந்திப்பிலேயே இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, வீட்டில் பயம் இருக்கிறதா என்று உங்களைத் தனியாகக் கேட்காத ஆலோசகரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம் என்பேன். உங்களுக்கு மட்டுமான தனி ஆலோசனை வேறு விஷயம். அதைத் தாராளமாக, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் 999. சமூகநல உதவிக்கும் இ.பி.ஓ.வுக்கும் 24 மணி நேர உதவித் தொலைபேசியான தாலியான் காசே, 15999. கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் 1982 முதல் அடைக்கல இல்லம் நடத்திவரும் டபிள்யூ.ஏ.ஓ. பெண்கள் உதவி அமைப்பின் எண் 03-3000 8858. பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையம் இருக்கிறது. போலீஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்முன் இவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவது, என்ன கேட்பது என்பது தெளிவாகிவிடும். மைகார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இருந்தால் திருமணச் சான்றிதழ், இல்லாவிட்டால் தாலி கட்டிய படம், இவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்றைக்கே கொடுத்து வையுங்கள்.