நாற்பது எழுத்துப் பெயர்

"எங்கள் ப்ராஜெக்ட் இன்னும் சப்வெர்ஷனில்தான் ஓடுகிறது. கிட்டுக்கு மாறினால் அப்படி என்ன கிடைத்துவிடும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே ஒரு ப்ராஜெக்ட்டின் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்கள். எதில் வைப்பது என்ற இதே தலைவலி 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதுவரை மூன்று வருடங்களாக பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளில் இருந்தது. அந்த இலவச உரிமம் ஒரு தகராறில் பறிபோனது. மோனோடோன் என்ற இதே வகை மென்பொருளைப் பார்த்தார், யோசனை பிடித்தது, ஆமை வேகம் பிடிக்கவில்லை. ஏப்ரல் 3ஆம் தேதி தானே எழுத உட்கார்ந்தார். 7ஆம் தேதி கிட் தன் சொந்த நிரலைத் தானே பாதுகாக்கத் தொடங்கிவிட்டது.

நான்கு நாளில் எப்படி முடிந்தது? அடிப்படை யோசனை அவ்வளவு சின்னது. கிட் ஒரு கோப்பை உள்ளே வைக்கும்போது, நாம் வைத்த பெயரால் அதை அடையாளம் காண்பதில்லை. உள்ளடக்கத்தின் முன்னால் அதன் வகையையும் நீளத்தையும் ஒட்டி, ஷா-1 என்ற கணக்கில் போட்டு அரைக்கிறது. வெளியே வருவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதும் நாற்பது இலக்கப் பதினறும எண். கோப்பின் உண்மையான பெயர் அதுதான். காலிக் கோப்பை எந்த ஊரில், எந்தக் கணினியில் போட்டாலும் 'இ69டிஇ29' என்றுதான் அந்த எண் தொடங்கும்.

ஒரு ஃபோல்டர் என்பது அதிலுள்ள கோப்புகளின் பெயர்களும் எண்களும் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலுக்கும் ஓர் எண். ஒரு கமிட்டில், அதாவது மாற்றங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும், அந்த எண், முந்தைய கமிட்டின் எண், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு எல்லாம் இருக்கும். அத்தனையும் சேர்ந்து இன்னோர் எண். மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்பில் ஒரு கமாவை யாராவது திருத்தினால், அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கமிட்டின் எண்ணும் மாறிவிடும். கடைசி எண் ஒத்துப்போனால் மொத்த வரலாறும் ஒத்துப்போகிறது என்று அர்த்தம். சர்வரை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டித் தலையெழுத்தை மாற்றுகிறேன் என்று எண் ஜோதிடர்கள் காசு வாங்குகிறார்கள். எழுத்து கூடினால் எல்லாம் மாறுவது இங்கேதான், அதுவும் இலவசமாக.

இதில் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன். ஒரு தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பில் 'கொ' இருந்த வரிகளெல்லாம் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விஷயம் என்னவென்றால், யூனிகோடில் 'ஒ'கரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். முதலாவது மூன்று பைட், இரண்டாவது ஆறு. கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது.

2017இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் ஒரே ஷா-1 எண் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களைச் செய்து காட்டின. அதே ஆண்டு கிட்டும் அத்தகைய போலிகளைக் கண்டுபிடிக்கும் ஷா-1 நிரலுக்கு மாறியது. பூட்டை உடைத்துப் பார்க்கும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசுகள் தாராளமாகப் பணம் தரவேண்டும் என்பது என் கட்சி.

சரி, மாறலாமா? வீடியோ, டிசைன் கோப்புகள்தான் அதிகம் என்றால் சப்வெர்ஷனிலேயே இருங்கள். கிட்டில் அவற்றின் பழைய பிரதிகளெல்லாம் ஒவ்வொருவர் டிஸ்க்கிலும் வந்து குவியும். கோட்தான் அதிகம் என்றால் மாறுங்கள். மாறுவதற்கு முன்னால், சப்வெர்ஷனில் வெறும் லாகின் பெயராக இருப்பவர்களுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் எழுதி ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். பெயரும் எண்ணுக்குள் போகிறது இல்லையா? அப்புறம் திருத்தினால், அத்தனை பேரும் புதிதாக க்ளோன் செய்யவேண்டி, அதாவது மொத்த வரலாற்றையும் மறுபடி இறக்கவேண்டி வரும்.