சோக் குமிழ் எங்கே போனது?

குன்னூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்றவர், கார் பைத்தியம் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். முதலில் பிரீமியர் பத்மினி, அடுத்து மாருதி 800, பிறகு சாண்ட்ரோ, இப்போது பேரன் தேர்ந்தெடுத்த புது ஹேட்ச்பேக். பத்மினியை மட்டும் விற்க மனம் வராமல் ஷெட்டில் வைத்திருக்கிறார். "காலையில் சோக் இழுக்காமல் பத்மினி ஸ்டார்ட் ஆகாது. மலையேறும்போது பர்லியாறு தாண்டினால் மூச்சு வாங்கும். சாண்ட்ரோ வந்தபின் இரண்டு தொல்லையும் இல்லையே, ஏன்?" என்கிறார்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரில் காற்று குறுகிய கழுத்து வழியே பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் ஜெட் என்ற துளை வழியாகப் பெட்ரோல் வருகிறது. சிக்கல் என்னவென்றால் துளையின் அளவு மாறாது. குன்னூர் இருக்கும் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் 9 சதவீதம்போலக் கூடிவிடுகிறது. குளிரில் நேர்மாறு: பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சோக் செய்தது அதைத்தான்.

பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் முறை வந்தபின் குளிர்நேரக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் கணினியின் கணக்கு சரிதானா என்று யார் பார்ப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒரு பொருள் திருகியிருக்கும். அதுதான் ஆக்சிஜன் சென்சார். உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான், இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. அந்தப் பீங்கானில் உள்ள சிர்க்கோனியம் என்ற உலோகத்தின் அயனிக்கு நான்கு மின்னூட்டம், அதில் கலந்திருக்கும் இட்ரியம் என்ற உலோகத்தின் அயனிக்கு மூன்றுதான். கணக்கு நேராக வேண்டும் என்பதால், இரண்டு இட்ரிய அணு சேரும்போது ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாகிறது. 300 டிகிரிக்கு மேல் சூடானதும், பஸ்ஸில் எழுந்தவர் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் நகர்வதுபோல, ஆக்சிஜன் அயனிகள் காலியிடம் விட்டுக் காலியிடம் தாவுகின்றன. ஆக்சிஜன் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அவை நகரப் பார்ப்பதால் மின்னழுத்தம் பிறக்கிறது.

காற்று மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட். பெட்ரோல் மிஞ்சினால் 0.9. நடுவே சரிவு கிடையாது, ஒரே தாவல்! காரணம் பிளாட்டினம். எரியாத வாயுக்கள் மிஞ்சியிருந்தால், ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் அது எரிக்க வைத்துவிடுகிறது. பிறகு அந்தப் பக்கத்து ஆக்சிஜன் கோடியில் ஒரு பங்கின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. மின்னழுத்தம் இரு பக்க ஆக்சிஜனின் விகிதத்தைச் சார்ந்தது என்பதால் சட்டென்று எகிறுகிறது. கணினி அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அந்த 14.7-ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். மலையா, கடற்கரையா என்ற கவலையே இல்லை.

இந்த மின்னழுத்தத்துக்கான சமன்பாடு வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய வேதியியலர் தந்தது. அவரும் கார் பிரியர். இட்ரியம் கலந்த அதே சிர்க்கோனியாவை வைத்து 1897-ல் ஒரு விளக்கு செய்தார். பின்னால் டங்ஸ்டன் பல்பு வந்து அதை ஒழித்துக்கட்டியது. அந்த ஆக்சிஜன் காலியிடங்களைக் கார்ல் வாக்னர் என்ற இன்னொரு ஜெர்மானிய வேதியியலர் விளக்கியது 1943-ல். போஷ் நிறுவனத்தின் சென்சார் வோல்வோ காரில் ஏறியது 1976-ல். நடுவில் எந்த அதிகாரியாவது 'இதனால் என்ன லாபம்' என்று கேட்டிருந்தால் கோப்பை மூடியிருப்பார். மூன்று வருடத்தில் பலன் காட்டு என்று ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்பவர்களுக்கோ வியாபாரம் ஜோராக நடக்கிறது. டயருக்கடியில் வைக்கும் எலுமிச்சம்பழமாவது மலிவு.

சரி, குன்னூர் வாசகருடைய இரண்டாவது கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பத்மினிக்குப் போடலாமா? அதற்குத் தேவையான காற்று 14.7 அல்ல, சுமார் 13.5. புதுக் காரில் சென்சார் சமாளித்துவிடும். பத்மினியில் கலவை 8 சதவீதம்போலப் பெட்ரோல் குறைந்ததாகிவிடும். ஆனால் குன்னூர் உயரம் கூட்டுவதும் ஏறக்குறைய அதே அளவுதானே! அதனால் உயரத்துக்கென்று ஏற்கெனவே ஜெட்டை மாற்றியிருக்காவிட்டால், அங்கே ஓட்டும்வரை அதைத் தொட வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கினால்தான் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர் குழாய்களை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றை அரித்துவிடும்.