ஜெர்சி ரிட்டயர்மெண்ட்: ஓய்வா, நிறைவா?

ஒரு கூடைப்பந்து வீரர் ஆட்டத்திலிருந்து விடைபெற்ற சில நாட்களிலேயே, அவருடைய ஜெர்சியை அணி ரிட்டயர் செய்ய, அதாவது அவர் அணிந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்க வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ரசிகர்களிடையே தொடங்கிவிடுவது வாடிக்கை. மைக்கேல் ஜோர்டனைப் போன்றவர்களுக்கு இந்த வழக்கே எழாது. ஒரே அணியில் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்து, நட்சத்திரமாக ஒளிராமலும் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகாமலும் விடைபெறும் வீரர்களுக்குத்தான் எழுகிறது. இரு தரப்பினரும் புள்ளிவிவரங்களை அள்ளி வீசினாலும், வழக்கின் பாதி அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் இதனை ‘ஜெர்சிக்கு ஓய்வு’ என்று எழுதுகிறோம். தோனியின் 7ஆம் எண்ணை இனி வேறு இந்திய வீரர்களுக்குக் கொடுப்பதில்லை என்ற செய்தி 2023 டிசம்பரில் வந்தபோது கிரிக்கெட் வாசகர்களுக்கும் இச்சொற்றொடர் பழகிவிட்டது. தொடரில் இருப்பவை இரண்டே சொற்கள். இரண்டுமே சற்று இடம் மாறி அமர்ந்திருக்கின்றன.

முதலில் ஜெர்சி. தமிழில் பலருக்கு இப்பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பசுமாடுதான். மாடும் சட்டையும் ஒரே இடத்திலிருந்து பெயர் பெற்றவை. பிரான்சின் கரையை ஒட்டி, ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவில், 16ஆம் நூற்றாண்டிலேயே கம்பளி நூலால் காலுறையும் மேலுடையும் பின்னுவது பெருந்தொழிலாக இருந்தது. தீவின் பெயர் முதலில் அந்த நூலுக்கும் துணிக்கும் ஆகி, பின்னர் 19ஆம் நூற்றாண்டில், மாலுமிகளும் மீனவர்களும் அணிந்த, உடலோடு ஒட்டிய பின்னல் மேலுடைக்கும் ஆகியது. கோழிக்கோடு ஐரோப்பியர் வாயில் கலிக்கோ என்ற துணியாக மாறியதைப் போன்ற கதை இது. அந்த உடை விளையாட்டு வீரர்களுக்கும் வசதியாக இருந்ததால், 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய காலத்தில் ஆட்டக்காரர்கள் கம்பளி ஜெர்சியுடனேயே ஆடினர். இன்று கம்பளி போய்ச் செயற்கை இழை வந்துவிட்டது, கையும் போய்விட்டது. தீவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேர்ப்பொருளின்படி பார்த்தால் ஜெர்சிக்கு நேரான தமிழ்ச் சொல் ‘பின்னலாடை’. ஆனால் அச்சொல் பனியன் முதல் காலுறை வரை அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்வதால் இங்கே உதவாது. முல்லைப்பாட்டு யவனக் காவலரின் மேலுடையை ‘மெய்ப்பை’ என்கிறது; அழகான சொல்தான், ஆனால் இன்று விளையாட்டுச் செய்தியில் அதனை எழுதினால் அடிக்குறிப்பும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ‘சீருடை’ என்பது கால்சட்டையையும் சேர்த்த முழு உடையைக் குறிக்கும். எனவே மேலுடையை மட்டும் சுட்டுவதற்கு ‘அணிச்சட்டை’ என்பதே போதுமானது. அணி என்பது குழுவையும் அணிந்துகொள்வதையும் ஒருசேர நினைவூட்டுகிறது. ஒருவரைப் பொருட்படுத்துவதைச் ‘சட்டை செய்தல்’ என்று சொல்லும் மொழியில், ஒரு சட்டையை வைத்து மரியாதை செய்வது பொருத்தமாகவும் இருக்கிறது.

ஆனால் அணி ரிட்டயர் செய்வது சட்டையையே அன்று. அரங்கத்தின் கூரைக்கு விழாவன்று ஏற்றப்படுவது பெரும்பாலும் வீரர் வியர்வை சிந்தி அணிந்த சட்டையாக இருப்பதில்லை. சட்டை வடிவத்தில் வெட்டித் தைத்த பெரிய பதாகையாகவே இருக்கும். வழக்கத்திலிருந்து எடுக்கப்படுவது அதன் மீதுள்ள எண். அமெரிக்கக் கல்லூரி அணிகள் சில இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே கடைப்பிடிக்கின்றன. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிறந்த வீரர்கள் பலருடைய ஜெர்சிகள் கூரையில் தொங்கினாலும் அவர்களுடைய எண்களைப் புதிய மாணவர்கள் அணியலாம். நாட்டின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர்களுக்கு மட்டுமே எண்ணும் நிரந்தரமாக எடுத்து வைக்கப்படுகிறது. முன்னதனைச் ‘சட்டைச் சிறப்பு’ என்றும் பின்னதனை வேறு சொல்லாலும் குறிப்பதே முறை. இரண்டையும் ஒரே ‘ஜெர்சி ஓய்வு’ என்று எழுதுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

எண்ணின் அருமையை உணர அது எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். தவறிழைத்த ஆட்டக்காரர் யார் என்பதை நடுவர் மேசையிலிருக்கும் பதிவாளருக்கு விரல்களால் காட்டுவார்: ஒரு கையில் இரண்டு விரல், மறு கையில் மூன்று விரல் என்றால் 23. இந்த விரற்கணக்கை முன்னிட்டே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 5க்கு மேற்பட்ட இலக்கமே நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. 2023–24 பருவத்தில்தான் அந்த விதி தளர்ந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி அமைப்பான என்பிஏவில் 0, 00, பிறகு 1 முதல் 99 வரை ஏறக்குறைய எந்த எண்ணையும் அணியலாம். பார்ப்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்தக் கையிருப்பு தீராதது அன்று. பாஸ்டன் செல்டிக்ஸ் அணி இருபதுக்கும் மேற்பட்ட எண்களை எடுத்து வைத்துவிட்டதால், அங்கு சேரும் புதியவருக்குச் சிறிய எண்களில் தெரிவு குறைவு. ஆகவே ஓர் எண்ணை எடுத்து வைப்பது, பாராட்டுப் பத்திரம் வாசித்துக் கொடுப்பதைப் போலச் செலவில்லாத மரியாதை ஆகாது. இனி வரப்போகும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றைக் கழித்து, போனவருக்குக் கொடுப்பது அது.

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். ரிட்டயர் என்பது பிரெஞ்சு மொழியில் ‘பின்னுக்கு இழுத்தல், விலக்கிக்கொள்ளுதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. படை பின்வாங்குவதும், ஒருவர் தம் அறைக்குச் சென்றுவிடுவதும், வேலையிலிருந்து விலகுவதும் அதே வினையால் சொல்லப்பட்டன. அந்த வினைக்குச் செயப்படுபொருள் கொள்ளும் வழக்கும் உண்டு என்பதால், புழக்கத்திலுள்ள ஒன்றை இன்னொருவர் விலக்கிக்கொள்வதையும் அதனாலேயே சொல்லிவிட முடிந்தது. தமிழில் ‘ஓய்’ என்பதோ தன்வினை. மழை ஓய்கிறது, கை ஓய்கிறது, அலை ஓய்வதில்லை. களைத்தோ நின்றோ போகும் ஒன்றே ஓயும். பணியாற்றிய மனிதருக்கு அது பொருந்தியது போல, ஒருபோதும் களைப்படையாத ஓர் எண்ணுக்குப் பொருந்துவதில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. விளையாட்டுத் தமிழில் ‘ஓய்வு கொடுத்தல்’ என்றால் ஓர் ஆட்டத்துக்கோ ஒரு தொடருக்கோ வீரரை உட்கார வைப்பது என்ற பொருள் ஊன்றிவிட்டது. முன்னணிப் பந்துவீச்சாளருக்கு ஓய்வு என்று படித்தால் அவர் அடுத்த தொடரில் வந்துவிடுவார் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஜெர்சிக்கு ஓய்வு என்றால் மட்டும் என்றென்றைக்கும் என்று எப்படிக் கொள்வது?

வழக்கத்தின் தோற்றத்திலும் ஓய்வு என்ற எண்ணம் தூக்கலாக இல்லை. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் முதன்முதலாக எடுத்து வைக்கப்பட்டது, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஏஸ் பெய்லி அணிந்த 6ஆம் எண். 1933 டிசம்பரில் பாஸ்டனில் எதிரணி வீரர் மோதித் தள்ளியதில் தலையில் அடிபட்டு, உயிர் பிழைத்தாலும் மீண்டும் ஆட இயலாமற்போன அவருக்காக 1934 பிப்ரவரி 14 அன்று அணி அந்த மரியாதையைச் செய்தது. அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்பதே அதன் செய்தி. கூடைப்பந்தில் இதே செய்தி அதன் உச்சத்தை எட்டியது 2022இல். செல்டிக்ஸுக்காக 11 சாம்பியன் பட்டங்களை வென்ற பில் ரஸ்ஸல் அந்த ஆண்டு ஜூலை இறுதியில் காலமானதும், அவருடைய 6ஆம் எண்ணை என்பிஏ தன் எல்லா அணிகளிலும் நிறுத்தியது. ஏற்கெனவே அதை அணிந்து ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

எடுத்து வைத்த எண் திரும்பி வருவதும் உண்டு. சிகாகோ புல்ஸ் 1994 நவம்பரில் ஜோர்டனின் 23ஐக் கூரைக்கு ஏற்றியது. 1995 மார்ச்சில் அவரே திரும்பி வந்து 45ஆம் எண்ணில் ஆடினார். அந்தப் பருவத்தின் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களுக்கு நடுவில் மீண்டும் 23ஐ அணிந்ததற்காக அணி அபராதம் கட்டியது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி புரூஸ் போவெனுக்காக எடுத்து வைத்த 12ஆம் எண்ணை, 2015இல் சேர்ந்த லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் அவருடைய சம்மதத்துடன் அணிந்தார். அதாவது, எண் பூட்டப்பட்டாலும் சாவி அந்த முன்னாள் வீரரிடம் இருக்கிறது.

தமிழ் இணைச்சொல்லாக ‘எண் நீக்கம்’ என்று சிலர் எழுதக்கூடும். அது தண்டனை போல ஒலிக்கிறது. ‘எண் ஒதுக்கீடு’ என்பது கொடுப்பதைக் குறிப்பது, நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. ‘எண் காப்பு’ பரவாயில்லை, ஆனால் மரியாதை தொனிக்கவில்லை. நான் பரிந்துரைப்பது ‘எண் நிறைவு’. வயது முதிர்ந்து வேலையிலிருந்து விடைபெறுவோருக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது ‘ஓய்வு’ என்பதை விட்டுவிட்டுப் ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’ என்று எழுதும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த மாற்றத்தைச் செய்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது. நிறைவு என்பது முடிவையும் நிரம்பியதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற இடமில்லை. நிறைவு பெற்ற எண்ணில் இன்னொருவருக்கு இடமில்லை.

சொல் மாறினால் வழக்கும் மாறுகிறது. ஓய்வு என்பது காலத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது. இத்தனை ஆண்டுகள் இருந்தால் யாருக்கும் கிடைக்க வேண்டியது. நிறைவு என்றால் அந்த எண் எதனால் நிரம்பியது என்று கேட்டாக வேண்டும். இதற்கு மயாமி ஹீட் அணியின் யுடோனிஸ் ஹாஸ்லெமைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது. மயாமியிலேயே பிறந்த அவரை, புதியவர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2002 டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரான்சில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 2003இல் ஹீட்டில் சேர்ந்து, 2023 வரை 20 பருவங்களும் 40ஆம் எண்ணுடன் அங்கேயே இருந்தார். ஒரே அணியில் 20 பருவங்களை நிறைத்தவர்கள் அதுவரை டிர்க் நோவிட்ஸ்கி, கோபி பிரயன்ட், ஹாஸ்லெம் ஆகிய மூவர்தாம். மற்ற இருவரும் அழியாப் புகழ் பெற்றவர்கள். ஹாஸ்லெமோ ஒருமுறைகூட, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 7.5 புள்ளிகள்.

எதிர்ப்பவர்களின் வாதம் வலுவானது. கடைசி ஏழு பருவங்களில் எதிலும் அவர் 20 ஆட்டங்களைக்கூட எட்டவில்லை. 2020–21 பருவத்தில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதிலும் மூன்று நிமிடத்துக்குள் டுவைட் ஹோவர்டுடன் முட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டார். பெஞ்சில் அமர்ந்து இளையவர்களை அதட்டித் திருத்திய அந்தக் காலத்தை உதவிப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதுவதுதான் நேர்மை என்றால் நான் மறுக்க மாட்டேன். இருபது ஆண்டுகள் என்ற எண்ணிக்கையைக் காட்டி மரியாதை கேட்பது, ஓய்வு என்ற சொல்லின் தர்க்கம்.

ஆனால் முதல் பதின்மூன்று பருவங்கள் வேறு கதை. 2006 இறுதிப் போட்டியில் டாலஸின் நோவிட்ஸ்கியை மறித்து நிற்கும் பொறுப்பு முதன்மையாக ஹாஸ்லெமிடம் இருந்தது. பட்டத்தை உறுதிசெய்த ஆறாவது ஆட்டத்தில் 17 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். இருபது ஆண்டு மனிதர்கள் இருவர், 40ஆம் எண்ணும் 41ஆம் எண்ணும், தோளோடு தோள் உரசி நின்ற ஆட்டம் அது. 2010இல் டாலஸும் டென்வரும் கூடுதல் பணம் தர முன்வந்தபோதும், குறைந்த தொகைக்கு மயாமியிலேயே தங்கினார். 2012, 2013 பட்டங்கள் அதன் பிறகு வந்தவை. விடைபெற்றபோது அணியின் ரீபவுண்ட் பட்டியலில் முதலிடம் அவருடையது. ஓர் அணியின் கூரை அந்த அணியின் நினைவைத் தாங்குவது. ஆட்டத்தின் ஒட்டுமொத்தப் பெருமையை அளக்க நெய்ஸ்மித் பெயரிலான புகழ்க்கூடம் தனியே இருக்கிறது. ஆகவே 2024 ஜனவரி 19 அன்று ஹீட் 40ஐ ஏற்றியது சரியே என்பது என் தீர்ப்பு. அதே கூரையில், ஹீட்டுக்காக ஓர் ஆட்டமும் ஆடாத ஜோர்டனின் 23ஐ 2003இல் ஏற்றியதைத்தான் என்னால் எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி நெடுங்காலம் புகழ்க்கூடத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதனால் 1978 முதல் 1990 வரை அங்கேயே ஆடி 5 பட்டங்களில் பங்கு பெற்ற தடுப்பாட்டக்காரர் மைக்கேல் கூப்பர், 2024இல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்படும் வரை காத்திருந்து, 2025இல்தான் தம் 21ஆம் எண் கூரையேறுவதைக் கண்டார். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அதற்கு நேரெதிர்: அந்தப் பெயரில் அணி முதன்முதலில் நிறைவு செய்த எண், ஆட்டத்துக்கு 6 புள்ளிகளைக்கூட எட்டாத நிக் காலிசனின் 4.

எழுதும்போது ‘மயாமி ஹீட் 40ஆம் எண்ணை நிறைவு செய்தது’ என்றோ, ‘ஹாஸ்லெமின் எண் நிறைவு விழா’ என்றோ எழுதலாம். சட்டை மட்டும் தொங்கவிடப்பட்டு எண் புழக்கத்தில் இருந்தால் ‘சட்டைச் சிறப்பு’ என்று பிரித்துவிடலாம். இரண்டிலும் அடங்காதவர் ஒருவர் உண்டு. 7 பட்டங்களில் பங்கு பெற்ற செல்டிக்ஸ் வீரர் ஜிம் லாஸ்கட்டாஃப், தம் 18ஆம் எண்ணைப் பின்னால் வருபவர்கள் அணியட்டும், அதனை எடுத்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாஸ்டன் கூரைப் பதாகையில் எண்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் மட்டும் ‘லாஸ்கி’ என்ற அவருடைய செல்லப்பெயர் இருக்கிறது. அவர் விட்டுக்கொடுத்த 18ஐ முதலில் பெய்லி ஹொவெலும், பிறகு டேவ் கவன்ஸும் அணிந்தனர். அந்த எண் நிறைவு பெற்றது கவன்ஸின் பெயரில்.