மாசைக் கலப்படம் என்பதா?

1900-இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் பியர் குடித்த ஆயிரக்கணக்கானோர் ஆர்சனிக் நஞ்சேறிப் படுத்தார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் விடாமல் 'பியர் கலப்படம்' என்கிறார்கள். கலந்தது யார்? பியருக்கான சர்க்கரையைத் தயாரிக்கக் கந்தக அமிலம் சேர்த்தார்கள். அந்த அமிலம் ஆர்சனிக் உள்ள பைரைட் தாதுவிலிருந்து வந்தது. நஞ்சு கூடவே வந்துவிட்டது. இது கான்டாமினேஷன், தமிழில் மாசு.

கலப்படத்துக்கு ஆங்கிலத்தில் அடல்டரேஷன்; அது 'கெடுத்தல்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கான்டாமினேஷனின் வேரில் தொடுதல் இருக்கிறது. 'தீட்டு' பொருந்தும்தான், ஆனால் சாதி வாடை வீசும் சொல்லை ஆய்வகத்துக்குள் விட முடியாது.

இரண்டுக்கும் பொதுவாக 'மாசுக்கலப்படம்' என்று ஒட்டுப்போடுவது இன்னும் மோசம். வணிகரின் கைவரிசையைத் தேடும் சோதனை வேறு, தற்செயலாக ஏறியதைத் தேடும் சோதனை வேறு. பால் கெடாமலிருக்கப் போராக்ஸ் போட்டார்களா என்று பார்க்க, பாலில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு மஞ்சள்தூள் சாறேற்றிய தாளை நனைத்து உலர்த்துவார்கள். தாள் சிவந்து, அம்மோனியா பட்டதும் கரும்பச்சையானால் போராக்ஸ் உண்டு. அமிலம் மிஞ்சினால் போராக்ஸ் இல்லாமலே தாள் பழுப்பேறி ஏமாற்றும். அம்மோனியாவைத் தவிர்க்கக் கூடாது. பியர் ஆர்சனிக்குக்கோ மார்ஷ் சோதனை. அங்கே அளவுதான் பேச்சு: விசாரணை ஆணையம் பரிந்துரைத்த வரம்பு ஒரு கேலன் பியருக்கு, கிரெயின் என்னும் பழைய எடையில் நூறில் ஒரு பங்கு. போட்டாரா, இல்லையா என்பது முதல் கேள்வி. எவ்வளவு ஏறியது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அறிக்கையைப் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

'கலப்படம்' என்ற சொல்லும் ஓரிடத்தில் நொண்டும்: பாலாடையை எடுத்து ஏமாற்றுகிறவர் எதையும் கலப்பதில்லை. ஆடையை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும்; இரண்டையும் அளவாகச் செய்தால் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் நல்ல பால் என்றே காட்டும். அதனால்தான் கெர்பர் முறையில் கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பை அளந்தார்கள்; 1901-இல் பிரிட்டன் வைத்த கீழ்வரம்பு 3 சதவீதம். 1906-இன் அமெரிக்கச் சட்டமோ சத்தை எடுத்துவிடுவதையும் அடல்டரேஷனில் சேர்த்தது. அதற்கென்று புதுச்சொல் வார்க்க வேண்டாம். 'ஆடை எடுத்த பால்' என்றால் பால்காரருக்கும் புரியும், நீதிபதிக்கும் புரியும். மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் அது போதுவதில்லை.